ஏற்காடு எஸ்டேட்டின் இணையதளமும் யாரும் எழுதி வைக்காத விவரங்களும்

ஏற்காட்டில் உள்ள ஒரு காபி எஸ்டேட்டின் இணையதளத்தைப் புதிதாக வடிவமைத்துக் கொடுக்கும் வேலை அண்மையில் ஒருவழியாக முடிந்தது. சேலத்தில் தனி ஆளாக இந்தத் தொழிலைச் செய்துவரும் எனக்கு, இந்த வேலையில் வடிவமைப்பு ஏற்படுத்திய சிரமத்தைவிட ஆவணங்கள் ஏற்படுத்திய அலைச்சலே அதிகம். தள வரைபடம், வயர்ஃபிரேம் எனப்படும் பக்க அமைப்பின் கோட்டு மாதிரி, கொட்டேஷன் ஆகியவற்றில் எந்தச் சிக்கலும் வரவில்லை. அவை வழக்கம்போல் தயாராகி, வழக்கம்போல் ஏற்கப்பட்டன. ஆவணம் என்றே யாரும் கருதாத சில விவரங்கள்தான் எங்களைத் திணற வைத்தன. இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், தளம் செய்யக் கொடுப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

எஸ்டேட்டின் பழைய தளத்தை வேறொரு நிறுவனம் செய்திருந்தது. டொமைன் எனப்படும் இணைய முகவரி எங்களுடையதுதான், ஆண்டுதோறும் பணம் கட்டி வருகிறோம் என்று உரிமையாளர்களான அண்ணனும் தம்பியும் உறுதியாகச் சொன்னார்கள். பணம் கட்டியது உண்மை. ஆனால், அந்தப் பணம் பழைய நிறுவனத்துக்குப் போய், அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து புதுப்பிக்கப்பட்டு வந்ததால், பதிவு செய்தவர் என்ற இடத்தில் எஸ்டேட்டின் பெயரே இல்லை. இதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பதிவு விவரங்கள் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. டொமைன் பதிவு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், கணக்கில் உள்ள மின்னஞ்சலிலிருந்து எழுதினால்தான் பதில் தருவோம் என்றார்கள். அது எந்த மின்னஞ்சல் என்று கேட்டால், அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார்கள். பாதுகாப்புக்காக வைத்த விதிதான், அதில் குறை சொல்ல முடியாது. எனினும், பேசுகிறவர் மாறும் ஒவ்வொரு முறையும் முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது பொறுமையைச் சோதித்தது.

காலாவதித் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் அவசரமும் சேர்ந்துகொண்டது. டாட் காம் டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்பப்பட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. அந்த நினைவூட்டல் பதிவு செய்தவரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும், எஸ்டேட்டுக்கு வராது. காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகு 30 நாள்கள் மீட்புக் காலம் உண்டு. அப்போதும் பதிவு செய்தவர்தான் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க முடியும். அதன் பிறகு 5 நாள்கள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். காபிப் பொட்டலங்களில் அச்சாகி, வாடிக்கையாளர்களுக்குப் பழகிப்போன முகவரி அது.

எங்களைக் காப்பாற்றியவர் எஸ்டேட் ரைட்டர். கூலிப் பதிவேட்டையும் உர ரசீதுகளையும் ஆண்டுவாரியாகக் கோப்பில் கட்டி வைக்கும் பழக்கம் உள்ள அவர், பழைய நிறுவனத்தின் முதல் பில்லையும் அப்படியே வைத்திருந்தார். "எந்தக் காகிதத்தையும் நான் தூக்கிப் போடறதில்லைங்க தம்பி" என்று சொல்லி அவர் எடுத்துக் கொடுத்த அந்தப் பில்லில், 'தங்கள் சார்பாக டொமைன் பதிவு' என்ற வரியும் டொமைன் பெயரும் தெளிவாக அச்சாகியிருந்தன. எஸ்டேட்டின் கடிதத்தாளில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, அந்தப் பில்லின் நகலையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான், அதுவரை பிடிகொடுக்காமல் பேசிவந்த பழைய நிறுவனம் பெயர் மாற்றத்துக்கு இணங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிவு செய்தவரின் பெயரை மாற்றினால், வேறு பதிவு நிறுவனத்துக்கு 60 நாள்கள் மாற்ற முடியாதபடி டொமைன் பூட்டப்படக்கூடும். இந்தப் பூட்டிலிருந்து விலக்குக் கேட்கும் வசதி இருந்தால் பெயர் மாற்றத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை. நாங்கள் அதே பதிவு நிறுவனத்தில் எஸ்டேட்டின் பெயரிலேயே புதிய கணக்குத் தொடங்கி, டொமைனை அதற்குள் மாற்றிக்கொண்டோம்.

தளம் எந்த சர்வரில் இருக்கிறது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்றெல்லாம் சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளின் பட்டியலும் பழைய தரப்பிடமிருந்து எழுத்து வடிவில் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து தேடினால் தளத்தின் சர்வரைக் காட்டும் ஏ பதிவும் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவும் கிடைத்துவிடும். ஆனால், மின்னஞ்சலின் நம்பகத்தன்மையைக் காட்டும் டிகேஐஎம் பதிவும் துணை டொமைன்களும் அவற்றின் பெயர் தெரிந்தால்தான் அகப்படும். ஆகவே, பழைய கணக்கிலிருந்து எல்லாப் பதிவுகளும் அடங்கிய முழு ஸோன் கோப்பையும் இறக்கித் தரும்படி வற்புறுத்தி வாங்கி, ஒவ்வொரு பதிவும் எதற்காக இருக்கிறது என்று எதிரே எழுதி வைத்த பிறகே சர்வரை மாற்றினேன். எஸ்டேட்டின் மின்னஞ்சல் ஒரு மணி நேரம்கூடத் தடைப்படவில்லை. இந்த வேலையில் எனக்கு முழு நிறைவு தந்த கட்டம் அதுதான்.

அடுத்து வந்தது ஒப்புதல் குழப்பம். அண்ணன், தம்பி இருவரில் யார் சரி என்றாலும் போதும் என்று தொடக்கத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். முகப்புப் பக்கத்தைத் தம்பி வாட்ஸ்அப்பில் ஏற்றுக்கொண்டார். வேலை வெகுதூரம் போன பிறகு, தங்கும் விடுதியின் படம் மேலே இருக்கக் கூடாது, காபிதான் முதலில் வர வேண்டும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். நேரில் பேசி முடிக்கலாம் என்று அழைத்ததால், அச்செடுத்த பக்கங்களோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். அன்று காலையே அண்ணன் பெங்களூருக்குக் கிளம்பியிருந்தார். தம்பியோ, அண்ணன் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சாயங்காலம் வரை எஸ்டேட் அலுவலகத்தில் காத்திருந்து, பயனின்றிக் கீழே இறங்கினேன்.

மறுநாளே ஒப்புதல் பதிவு என்று ஒற்றைப் பக்கத்தைத் தயாரித்தேன். எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு, என்ன தேதி, யார் ஏற்றுக்கொண்டார் என்பவை மட்டுமே அதில் இருந்தன. விற்பனைப் பக்கங்களுக்கு அண்ணன், விடுதிப் பக்கங்களுக்குத் தம்பி, முகப்புக்கு இருவரும் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு பக்கம்கூடத் திரும்பி வரவில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற நிபந்தனையைச் சிலர் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முகம் பார்த்துத் தொழில் செய்கிற ஊரில் அது மனக்கசப்பில்தான் முடியும். பதில் வராத நாள்கள் முடிவுத் தேதியில் கூடும் என்று எழுதினேன். இருவரும் தயக்கமின்றி ஏற்றார்கள். கூடவே, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்ற, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவும் அணுகல்தன்மை விதியையும் வடிவமைப்புக் குறிப்பில் முன்கூட்டியே எழுதியிருந்தேன். வெளிர் மஞ்சள் பின்னணியில் பொன்னிற எழுத்து வேண்டும் என்று பிறகு எழுந்த பேச்சு, அந்த வரியைக் காட்டியதும் முடிந்தது.

தமிழ் உள்ளடக்கத்தில் நேர்ந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டின் வரலாறு, காபி வகைகள் பற்றிய விவரங்கள் எல்லாம் பழைய அச்சுக் கையேட்டுக்காக, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பாக வந்தன. மாற்றியில் போட்டு, இன்று இணையத்தில் பொதுவாகப் பயன்படும் யூனிகோடாக்கினால் பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால், துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தையும், ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்காலையும் அடித்துவிடுவது அந்தக் காலத் தட்டச்சில் சாதாரணம். அச்சில் இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஔகாரக் குறியின் இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியே நிற்பதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழைகளால் தேடுபொறியில் சொல் அகப்படாது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தவறாக வாசிக்கும். எனவே, உள்ளடக்கம் யூனிகோடில் மட்டுமே தரப்பட வேண்டும், பழைய எழுத்துருவில் தந்தால் மெய்ப்புப் பார்க்கத் தனிக் கட்டணமும் தனி நாள்களும் ஆகும் என்ற வரியை இனி எந்தக் கொட்டேஷனிலும் நான் விடப்போவதில்லை.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், பணம் திருப்பித் தரும் கொள்கை, பொருள் அனுப்பும் விவரம், தனியுரிமைக் கொள்கை ஆகியவற்றை யார், எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்று உள்ளடக்கப் பட்டியலில் எழுதியிருந்ததால், இணையவழிப் பணம் பெறும் சேவைக்கான அனுமதி தடையின்றிக் கிடைத்தது.

இறுதியாக ஒப்படைப்புக் கையேடு. அதன் முதல் பக்கத்தில் டொமைன், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங், தளத்தில் பணம் கட்டிச் சேர்த்த கூடுதல் மென்பொருள்களான நீட்சிகள் ஆகியவற்றின் புதுப்பிப்புத் தேதிகளையும், ஓடிபி யாருடைய கைபேசிக்கு வரும் என்பதையும் எழுதினேன். கடவுச்சொற்களை எழுதவில்லை, அவை எங்கே இருக்கின்றன, திறக்கக்கூடிய இருவர் யார் என்று மட்டும் குறித்தேன். மலையில் இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுவதால் அச்சுப் பிரதி ஒன்று ரைட்டரின் கோப்புக்குப் போயிற்று.

கையேடு சரியாக இருக்கிறதா என்பதை எழுதியவரே சோதிப்பதில் பொருளில்லை. எஸ்டேட் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் அதைக் கொடுத்து, மிளகுப் பொட்டலத்தின் விலையை மாற்றச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கைபேசியில் செய்பவர். கையேடு சொன்ன இடது பக்கப் பட்டியல் கைபேசித் திரையில் ஒரு பொத்தானுக்குள் மறைந்திருந்ததால், மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். அதைத் தாண்டிய பிறகு விலையைச் சரியாகவே மாற்றினார்; ஆனால், பக்கத்தின் பழைய நகலை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு நீக்கப்படாததால் தளத்தில் பழைய விலையே தெரிய, மாற்றம் பதியவில்லை என்று எண்ணி மறுபடியும் மாற்றினார். இரண்டையும் கையேட்டில் சேர்த்தோம். திரைப் படங்களைக் குறைத்து, எந்தப் பட்டியலில் எந்தச் சொல்லைத் தொட வேண்டும் என்பதை எழுத்திலேயே சொன்னோம்.

அடுத்த முறை மிளகு விலை மாறியபோது என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகத் தளத்தைத் திறந்து பார்த்தேன், புதிய விலை சரியாக இருந்தது. விலைப் பெட்டியில் ரூபாய்க் குறியைத் தட்டச்சு செய்யக் கூடாது, தளமே சேர்த்துக்கொள்கிறது என்று அந்தப் பெண் அச்சுப் பிரதியின் ஓரத்தில் பேனாவால் குறித்து வைத்திருந்ததை ரைட்டர் படமெடுத்து அனுப்பினார். கையேட்டின் இரண்டாம் பதிப்பில் அந்த வரியை அந்தப் பெண் எழுதியபடியே சேர்த்திருக்கிறேன்.