தண்ணி டனல்ல கேஸ் எங்கேந்து வரும்?

நிலக்கரிச் சுரங்கத்துல மீத்தேன் இருக்கும்னா யாரும் நம்புவாங்க, தண்ணி போற டனல்னு சொன்னா மட்டும் அதுல என்னங்க கேஸுன்னு கேப்பாங்க. அப்படி கேக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்றது அபேஸ்டெட்ங்கற ஊர்ல நடந்த கதைதான்.

இங்கிலாந்துல லங்காஷயர், 1984 மே 23 சாயங்காலம். லூன் ஆத்துத் தண்ணிய டனல் வழியா வையர் ஆத்துக்குக் கொண்டுபோற திட்டம் அது. கீழ இருக்குற கிராமத்துல வெள்ளம் வந்ததுக்கு இந்தத் திட்டந்தான் காரணமோன்னு ஜனங்களுக்கு ஒரு சந்தேகம், வாங்க நேர்லயே பாருங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க, மண்ணுக்கடியில கட்டுன வால்வ் ஹவுஸுக்குள்ள (டனல் முடியற எடத்துல தண்ணியத் திறந்து மூடுற கட்டடம்) மொத்தம் 44 பேர், பம்ப் போட்டுட்டு தண்ணி வரும்னு நின்னுட்டிருக்கும்போதே வெடிச்சிருச்சு. 16 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் ஊர்க்காரங்க, சும்மா பாக்க வந்தவங்க. எத்தன தடவ படிச்சாலும் மனசு ஆறல.

நடந்தது இதுதான். பாறைக்குள்ள அழுத்தத்துல இருக்குற ஊத்துத் தண்ணியில மீத்தேன் கரைஞ்சிருக்கும், அது டனலுக்குள்ள கசிஞ்சு அழுத்தம் கொறைஞ்சதும் சோடா பாட்டில் மூடியத் திறந்த மாதிரி கேஸ் தனியா பிரிஞ்சிரும். 17 நாளா பம்ப் ஓடல, டனல்ல தண்ணி வடிஞ்ச எடத்துல கேஸ் சேந்துருச்சு. பம்ப் போட்டதும் வந்த தண்ணி அதை சைக்கிள் பம்பு மாதிரி முன்னால தள்ளி நேரா ஆளுங்க நின்ன எடத்துக்கே கொண்டுவந்துருச்சு, ஏன்னா வென்ட், அதாவது டனல் காத்து வெளியேறுற வழி, வெளிய திறந்த காத்துக்குப் போகல.

பத்தவெச்சது எதுன்னு கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கல. தீப்பொறி வராம பாத்துக்கிட்டாப் போதும்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டைக்குப் போறது இதனாலதான். கேஸ் சேரவே விடக்கூடாது, சேந்தா மேல வெளிய போக வழி இருக்கணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

கேஸ் இருக்கான்னு பாக்குற டிடெக்டர் விஷயத்துலயும் கொழப்பம் நெறைய. மீத்தேன் காத்துல 5லேந்து 15 சதவீதம் இருந்தா வெடிக்கும், ஆனா மீட்டர் காட்டுறது பெரும்பாலும் எல்.ஈ.எல் சதவீதம் (எல்.ஈ.எல்னா வெடிக்கிறதுக்கு வேண்டிய கொறைஞ்ச அளவு, இங்க அந்த 5), அதுல 20னா உண்மையில 1 சதவீத மீத்தேன். அப்புறம் மீத்தேன் காத்தவிட லேசு, இடுப்பு ஒயரத்துல பிடிச்சுப் பாத்துட்டு சைபர்னு எழுதாதீங்க, கூரையை ஒட்டிப் பாருங்க.

கலிபோர்னியா சில்மார்லயும் தண்ணி டனல் தோண்டும்போதுதான், 1971 ஜூன் 24, கேஸ் வெடிச்சு 17 பேர் போயிட்டாங்க. மொத நாளே ஒரு வெடிப்பு ஆகி நாலு பேருக்கு அடிபட்டிருந்துச்சு, அப்பவும் வேலைய நிறுத்தல.

உங்க சைட்ல ரொம்ப நாள் நின்ன டனல்ல மறுபடி தண்ணி விடுறாங்கன்னா, வால்வ் ரூம்ல ஒரு ஆளும் இல்லைன்னு நீங்களே போய்ப் பாத்துட்டு அப்புறம் பம்ப் போடச் சொல்லுங்க.