ஊதும் டெஸ்டுக்குப் போவதற்கு முன்னால்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர்கள், தூய்மைப் பணியாளர்கள், லோடுமேன்கள் என்று பலரை, குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்டுக்கு அழைத்துப் போயிருக்கிறோம். முதல் ரிப்போர்ட் உதவாமல் போனால் காரணம் பெரும்பாலும் அன்று காலை அடித்த இன்ஹேலர் பஃப்தான். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் அடித்து 4 முதல் 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து என்றால் இடைவெளி ஒரு நாள், சில மருந்துகளுக்கு இரண்டு நாள் வரை போகும், டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். மூச்சு முட்டினால் யோசிக்காமல் அடித்துவிட்டு, எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்பதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கடைசி ஒரு மணி நேரம் பீடி வேண்டாம், கடைசி இரண்டு மணி நேரம் வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய் இல்லையென்று பார்க்கச் சளிப் பரிசோதனை. சளியில் ரத்தம், அண்மையில் மாரடைப்பு, கண் ஆபரேஷன் இருந்தால் ஊதவே கூடாது, ஓ.பி.யிலேயே சொல்லிவிடுங்கள்.

உயரத்தைச் செருப்பைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். வயதுக்கு ஆதார் கொண்டுபோங்கள். ‘ஐம்பது இருக்கும்’ என்று குத்துமதிப்பாகச் சொல்வது நம் வழக்கம். மிஷின் உங்கள் மூச்சை அதே வயது, உயரத்துக்காரரின் மூச்சோடு ஒப்பிடுகிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் சதவீதம் தவறிவிடும்.

ஊதும்போது மூக்கில் கிளிப். அட்டைக்குழாய் பல்லுக்கு உள்ளே, நாக்கு அதன் கீழே, உதடு இறுக மூடியிருக்க வேண்டும். பலூன் ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பினால் கெட்டது. நெஞ்சு நிறைய இழுத்து, நிறுத்தாமல் ஒரே வெடிப்பாக விட்டு, காற்று தீர்ந்த மாதிரி இருந்தாலும் 6 விநாடிக்காவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் விநாடியில் இருமல் வந்தால் அந்த ஊதல் கணக்கில் சேராது. ஒழுங்கான ஊதல் மூன்று வேண்டும், அதிகபட்சம் எட்டு முறை ஊதலாம். சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். தலை சுற்றினால் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு ஊதலாம்.

அதன்பின் நாலு பஃப் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். கூட்டத்தைப் பார்த்து இதை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மருந்துக்குப் பிறகும் முதல் விநாடிக் காற்று, மொத்தக் காற்றில் 0.70க்குக் கீழே இருந்தால் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்) பக்கம் பார்ப்பார்கள். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம்.

சிக்கல் என்னவென்றால், லீவு நாளில் ஊதினால் நார்மலாகவே வரலாம். வேலைதான் காரணமா என்று காட்ட ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டரே சரி. இரண்டு முதல் நாலு வாரம், தினம் நாலு வேளை, வேளைக்கு மூன்று ஊதலில் பெரியதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். வேலை நாளும் லீவு நாளும் கலந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே எங்கே நின்றீர்கள் என்பதும் வேண்டும்: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை, மணலி. போகி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், டயர் புகையில் எது வேலையின் கணக்கு என்றே தெரியாது.

காற்றின் தரத்தைக் காட்டும் சமீர் ஆப்பில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் எண்களையும் குறிக்கலாம். ஆனால் பச்சையைக் கண்டு ஏமாற வேண்டாம். ‘திருப்தி’ என்ற வகை, பி.எம்.2.5 என்னும் நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருக்கும் வரை போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர அளவு 15. தவிர, அது ஒரு நாள் சராசரி, சைலன்சருக்குப் பின்னால் நிற்பவர் மூக்கின் அளவு அல்ல.

டாக்டரிடம் ‘நெஞ்சுச் சளி’ என்று மட்டும் சொன்னால் டானிக்கோடு அனுப்பிவிடுவார்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், பீடி எத்தனை, வீட்டில் விறகடுப்பா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வழுவழு தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஆட்டோ சீட்டுக்கடியில் வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கிப்போகும், அடுத்த வருஷ அளவை இதோடுதான் ஒப்பிடுவார்கள்.