ஏழுகிணறிலிருந்து ஒற்றியூருக்கு: மாமாவோடு ஒரு தைப்பூச நடை

வடலூருக்குப் போக முடியாத தைப்பூசம் அது. மகளுக்கு மறுநாள் பரீட்சை. அப்பாவும் மகளும் வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்று முடிவாகிவிட்டது. அங்கே வள்ளலாரின் ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும் நேரத்தில் நான் பெரம்பூரில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தபோதே தொண்டையை அடைத்தது. அப்புறம்தான் அம்மா அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. வள்ளலார் சென்னையில் இருந்த காலத்தில் ஏழுகிணறு வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தேதான் போய் வருவார். சரி, வடலூர் இல்லாவிட்டால் அவர் நடந்த வழி.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். மாமா, அதாவது என் மாமனார், தட்டிலிருந்து தலை நிமிராமல், "நானும் வரேன்மா" என்றார்.

எனக்கு வாயில் சோறு நின்றுவிட்டது. மாமாவுக்கு 74 வயது. பதினாறு வயதில் கருப்புச் சட்டை போட்டவர். இந்த வீட்டில் சாமி படம் மாட்ட ஆணியே கிடையாது. என் சமையலறை அலமாரியில் இருக்கும் ஒரே விளக்கு நான் கொண்டுவந்தது.

"சாமி கும்பிட இல்ல. அவர் நடந்த வழிங்கிறியே, அதுக்காக."

எங்கள் கல்யாணம் சுயமரியாதைத் திருமணம். 1967-ல் அண்ணா கொண்டுவந்த சட்டத்தால் செல்லுபடியான அதே முறைதான். ஐயர் இல்லை, அக்னி இல்லை, மாலை மாற்றி உறுதிமொழி. என் பிறந்த வீடு கடலூர்ப் பக்கம், மூன்று தலைமுறையாக வள்ளலார் காட்டிய சன்மார்க்கம். நாங்களும் சடங்கு பார்ப்பதில்லை, சாதி கேட்பதில்லை. அதனால் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. அம்மா மட்டும் மகாமந்திரத்தை ஒருமுறை பாட வேண்டும் என்று கேட்டாள். மண்டபத்தில் முணுமுணுப்பு. மாமாவின் தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அருட்பெருஞ்ஜோதி என்று ஆரம்பித்ததும் மாமா எழுந்து நின்றார். கை கூப்பவில்லை, வாய் அசையவில்லை. பாடி முடிகிறவரை நின்றார். கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் எழுந்து நின்றவர் பெரியார். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் மாமா.

ஆனால் எங்களுக்குள் எல்லாமே அப்படி அழகாக நடந்துவிடவில்லை. மகளுக்கு நாலு வயதில் விடாத காய்ச்சல். டாக்டர் கொடுத்த மருந்தைக் கொடுத்துவிட்டு, நெற்றியில் கொஞ்சம் திருநீறு வைத்தேன். காலையில் பார்த்தால் நெற்றி சுத்தமாக இருந்தது. மாமா ஈரத்துணியால் துடைத்திருந்தார். தூக்கம் இல்லாத உடம்பு, பயம், கோபம் எல்லாம் சேர்ந்து, "உங்க வாயாலதான் புள்ளைக்கு இப்படி வருது" என்று சொல்லிவிட்டேன். ஒரு தாத்தாவிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நாலு மாதம் நானும் அவரும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், எடுப்பேன், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் அவரே வந்து சமையலறை வாசலில் நின்றார். "சாம்பலால காய்ச்சல் போகாது, அது இன்னிக்கும் என் கருத்து. ஆனா உன்னைக் கேக்காம துடைச்சது தப்பு" என்றார். நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து ஒருவர் நெற்றியை ஒருவர் தொடுவதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம்.

பூசத்தன்று விடியுமுன் ஆட்டோ பிடித்து ஏழுகிணறு போய் இறங்கினோம். வீராசாமி தெரு. கைக்குழந்தையாக அப்பாவை இழந்து வந்த ராமலிங்கம், 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது இந்தப் பக்கத்தில்தான். மாடி அறையில் கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி உட்கார்ந்த பிள்ளைக்கு, அந்தக் கண்ணாடிக்குள் தணிகை முருகன் தெரிந்தான் என்பது வரலாறு. எனக்கு வரலாறு, மாமாவுக்குக் கதை.

வாசலில் அவர் தயங்குவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். "வீடுதானேம்மா. ஒரு பெரிய மனுஷன் வீடு." நான் ஜோதிக்கு முன் உட்கார்ந்து கண்ணை மூடினேன். திறந்தபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து கந்தகோட்டம். பூசக் கூட்டம், பால்குடம், நெரிசல். மாமா வெளியே நின்றுகொண்டார். சிறுவயதில் வள்ளலார் தெய்வமணிமாலை பாடிய சந்நிதியில் எனக்குக் கிடைத்தது அரை நிமிடம். ஆனால் அந்த அரை நிமிடத்தில் முருகன் முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வெளியே வந்ததும் வடக்கே நடக்க ஆரம்பித்தோம். ஜார்ஜ் டவுன் சந்துகளைத் தாண்டும்போது மாமா தன் பங்குக்கு ஒரு வரலாறு சொன்னார். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் மறைந்து எட்டே வருடத்தில், 1882-ல், இதே சென்னையில் தத்துவவிவேசினி என்று தமிழில் ஒரு நாத்திகப் பத்திரிகை வந்தது. பெரியார் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. அதே பெரியாரின் குடிஅரசுப் பதிப்பகம்தான் பின்னாளில் வள்ளலார் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. "கண்மூடி வழக்கமெல்லாம் மண்மூடிப் போகணும்னு பாடினவரை நாங்க எப்படிம்மா விடுவோம்?" அந்த வரியை அம்மா பாடியும் கேட்டிருக்கிறேன், கழக மேடையிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கைதட்டல் ஒன்றுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. வழியில் ஒரு பந்தலில் கஞ்சி ஊற்றினார்கள். மாமா வாங்கிக் குடித்தார். பிரசாதம் என்றால் தொடமாட்டார், பசிக்குக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். குடித்துவிட்டு, பந்தலில் ஆள் குறைவாக இருந்ததைப் பார்த்து, அரைமணி நேரம் நின்று கரண்டி பிடித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் டம்ளர் எடுத்துக் கொடுக்க, கருப்புச் சட்டைக்காரர் ஊற்றினார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டைக்கு அப்புறம்தான் விவாதம் ஆரம்பித்தது. மெட்ரோ பாலத்து நிழலில் நடந்துகொண்டிருந்தோம்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? கடைசியில 1873-ல மேட்டுக்குப்பத்துல கொடி ஏத்தி அவர் என்ன பேசினார்? வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதுலயும் லட்சியம் வைக்காதீங்கன்னுதானே? சைவத்துல தான் வச்சிருந்த பிடிப்பையே, அப்ப அறிவு கொஞ்சம்னு சொல்லிட்டாரே. அவர் விட்டுட்டுப் போன கோயிலுக்கு நீ திரும்ப நடக்கிறியே."

கேள்வி சரியான இடத்தில் பட்டது. அந்தப் பேச்சான பேருபதேசத்தைப் படித்த எந்தச் சன்மார்க்கியும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் இருக்க முடியாது. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். பசியோடு திண்ணையில் படுத்தவர்தான் 1867-ல் பசித்தவர்களுக்குச் சோறு போட, வடலூர் தருமசாலையில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஒற்றியூருக்குப் போய்விட்டு நேரம் கழித்துத் திரும்பிய ராத்திரி, கதவு சாத்தியிருந்ததால் சாப்பிடாமல் திண்ணையில் படுத்த பிள்ளைக்கு, ஒற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டாள். அந்தக் கருணையைத்தான் அவர் ஊருக்கே திருப்பிக் கொடுத்தார் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான்.

மாமா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"அண்ணியே எழுந்து வந்து போட்டிருப்பாங்கம்மா. அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்த பொம்பளை. பசியோட படுத்திருக்கான்னா அவங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? அந்தச் சோத்தைக் கொண்டுபோய் அம்மன் கணக்குல எழுதிட்டீங்க. அந்த அண்ணி பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. என் தாயான அந்த அம்மனைப் பார்க்கப் போகிற வழியில் இப்படிப் பேச வேண்டுமா என்று தோன்றியது. காலடிப்பேட்டை வரை நான் வாய் திறக்கவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் சாலை கடக்கும்போது லாரி வரும் பக்கம் அவர்தான் நடந்தார்.

தேரடி வந்ததும் எனக்கே மௌனம் தாங்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு நிர்வாணச் சந்நியாசி உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். போகிற வருகிறவர்களையெல்லாம் மாடு போகிறது, ஆடு போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வள்ளலார் வந்த அன்று, இதோ ஓர் உத்தம மனிதர் போகிறார் என்றாராம்.

மாமா நின்றுவிட்டார். "மனுஷன்னு சொன்னாரா? சாமின்னு சொல்லலையே?"

"இல்ல மாமா. மனுஷன்னுதான்."

"நல்லா சொன்னார்மா, நல்லா சொன்னார்" என்று இரண்டு முறை சொன்னார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கோபுர வாசலில் வழக்கம்போல நின்றுகொண்டார். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கே கவலையாக இருந்தது. "எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் மாமா, மெட்ரோ பிடிச்சு வீட்டுக்குப் போங்க" என்றேன். "போய்ட்டு வா. நான் இங்க இருக்கேன்" என்றார்.

உள்ளே ஆதிபுரீஸ்வரர், புற்றுருவானவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் தவிர எப்போதும் கவசத்துக்குள் இருப்பார். தியாகராஜர் சந்நிதி. பிறகு மகிழ மரம். சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த மரம். அந்தச் சத்தியத்தை மீறிப் போனதும் கண் போனது. பக்தன் சொன்ன பொய்யைச் சிவன் பொறுத்துக்கொள்ளவில்லை என்பது இந்தத் தலத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

வடிவுடையம்மன் தெற்குப் பார்த்து நிற்கிறாள். வள்ளலார் 101 பாடல் பாடியது இவளைத்தான். வரிசை நகர நகர எனக்குள் மாமாவின் கேள்வியும் நகர்ந்து வந்தது. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. திரைக்கு முன்னால் வந்ததும் மஞ்சள் பூசிய அந்த முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். வாய் தானாகச் சொன்னது: பாப்பாத்தியம்மாள். அண்ணியின் பெயர் அது. அர்ச்சகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் பெயருக்கு அர்ச்சனை என்று நினைத்திருப்பார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் இந்த அம்மனிடம் வந்து கேட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாக, ராத்திரி எழுந்து அடுப்பு மூட்டுகிற ஒருத்தியின் முகமாக அவள் தெரிந்தாள். அது என் தாயின் கருணை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அந்த வாசலைக் காட்டியது அவளை நம்பாத ஒருவர்.

வெளியே வந்தபோது உச்சிவெயில். கல் சுட்டது. விட்ட இடத்தில் என் செருப்பு இல்லை. தேடிக்கொண்டு நின்றேன். மதிலோரம் ஒரு முழ நிழல் இருந்தது. அங்கே மாமா துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் செருப்பு இரண்டும், வார் வெளியே பார்த்தபடி ஜோடியாக. வெயில் நகர நகர அவரும் அதைத் தள்ளித் தள்ளி வைத்திருக்க வேண்டும். தூசியில் கோடு கோடாகத் தடம் இருந்தது.

"ஐயோ மாமா, நீங்க எதுக்கு இதைத் தொட்டுக்கிட்டு" என்று பதறினேன்.

"வெயில்ல கிடந்தா சுடும்மா."

போட்டுக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது. அவர் கையை ஊன்றி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தேரடி மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு வரை வந்துவிட்டோம். அங்கே நின்று என் கைப்பையைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குத் திருநீறு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன் மாமா" என்றேன்.