யமனுக்கே பரிகாரம் ஆன ஊரு: ஸ்ரீவாஞ்சியம்

ஸ்ரீவாஞ்சியம் போகணும்னா கும்பகோணத்துல இருந்து நாச்சியார்கோயில் வழியா நன்னிலம் போற பஸ்ல ஏறி அச்சுதமங்கலத்துல எறங்கிக்கலாம், அங்கேர்ந்து நடக்கற தூரம்தான். ட்ரெயின்ல வர்றவங்க மயிலாடுதுறை திருவாரூர் லைன்ல நன்னிலம் ஸ்டேஷன்ல எறங்கி ஆட்டோ பிடிச்சுக்கணும். நாங்க கார்ல போனோம். ஓட்டினது எங்க சித்தப்பா. அவரு சாமி கும்பிடமாட்டாரு, கல்யாணம் கூட சுயமரியாதைக் கல்யாணம்தான், ஆனா அவரோட அண்ணி, அதாவது எங்க அம்மா, ஒரு கோயிலுக்குப் போகணும்னா வண்டிய எடுத்துட்டு வந்து நிப்பாரு, வாசல்ல நின்னு பேப்பர் படிப்பாரு. வக்கீல் குமாஸ்தாவா ரொம்ப வருஷம் இருந்தவரு, அதனால எதப் பேசினாலும் கோர்ட் பாஷை வந்துடும்.

அப்பா காரியம் முடிஞ்சதுலேர்ந்தே அம்மா ஸ்ரீவாஞ்சியம் ஸ்ரீவாஞ்சியம்னு சொல்லிட்டே இருந்தாங்க. கருமாதி வரைக்கும் வீட்ல ஒரு பெரியவர் சாயங்காலம் வந்து கருட புராணம் படிச்சாரு, உயிரு ஒரு வருஷம் நடந்து யமபட்டணம் போவுது, நடுவுல வைதரணி ஆறு, ரத்தமும் சீழுமா ஓடும், உசிரோட இருக்கறப்ப பசு தானம் பண்ணவன் அந்தப் பசு வாலப் புடிச்சுட்டு தாண்டிடுவான், பண்ணாதவன் கதி அவ்ளோதான்னு. சின்னப் பசங்க எல்லாம் வாயத் தொறந்து கேட்டுட்டு இருந்துச்சுங்க. சித்தப்பா திண்ணைல இருந்தபடியே என்னக் கூப்ட்டு, பாப்பா நீ சென்னைல பசியோட இருக்க, நான் இங்க மன்னார்குடில ஒரு ஆளுக்கு எல போட்டா உன் வயிறு ரொம்புமா, இந்த ஊர்லேர்ந்து அந்த ஊருக்கே போகாத சோறு மேல் லோகத்துக்கு எப்படிப் போவும்னாரு. இது அவரு கேள்வி இல்ல, சார்வாகர்கள்னு அந்தக் காலத்து நாத்திகர்கள் கேட்ட பழைய கேள்வி, 14ஆம் நூற்றாண்டுல மாதவர் எழுதின சர்வ தரிசன சங்கிரகத்துல முதல் அத்தியாயமே அவங்க வாதம்தான். அவங்க கக்ஷிய மறுக்க நினைச்சவங்க எழுதி வச்சதாலதான் அது நமக்கு இவ்ளோவாவது கிடைச்சிருக்கு, அது ஒரு தமாஷ்.

சரி கோயிலுக்கு வர்றேன். இங்க சாமி பேரு வாஞ்சிநாதர், அம்பாள் மங்களாம்பிகை, தல விருட்சம் சந்தன மரம், சம்பந்தர் அப்பர் சுந்தரர் மூணு பேரும் பாடின ஊரு. ராகுவும் கேதுவும் ஒரே உடம்பா இருக்கற சன்னதி ஒண்ணு இருக்கு, ஜாதகம் பாக்கறவங்க கூட்டம் அங்கதான் ஜாஸ்தி. ஆனா ஊரு பிரபலமானதே யமனாலதான். கோயிலுக்குள்ள ஆக்னேய மூலைல யமதர்மராஜாவுக்குத் தனி சன்னதி, சித்ரகுப்தரும் உண்டு, மொதல்ல குப்த கங்கைங்கற கோயில் குளத்துல குளிக்கணும் இல்ல தலைலயாவது தெளிச்சுக்கணும், அப்புறம் யமன், அப்புறம்தான் மூலவர், இதுதான் இங்க முறை. வேற எந்தக் கோயில்லயாவது சாமிய விட்டுட்டு மொதல்ல யமனப் பாருன்னு சொல்வாங்களா.

காரணம் தல புராணத்துல இருக்கு. யமனுக்கு தன் வேலை மேலயே வெறுப்பு வந்துடுச்சாம். எல்லா உசுரையும் நான்தான் எடுக்கறேன், பார்த்தா எல்லாரும் பயப்படறான், திட்டறான், இந்தப் பாவம் எல்லாம் என் தலைலதானேன்னு திருவாரூர் தியாகராஜர்கிட்ட போயி நின்னாராம், அங்கேர்ந்து இங்க அனுப்பினாங்களாம், இங்க வந்து தவம் இருந்தாரு, மாசி மாசம் பரணி நட்சத்திரத்துல சிவன் காட்சி குடுத்து உன் பாவத்த நான் போக்கறேன், இனிமே எனக்கு நீ வாகனமா இருன்னாராம். அதனாலதான் மாசித் திருவிழால சாமி யம வாகனத்துல பொறப்பாடு. திருக்கடையூர்ல மார்க்கண்டேயனுக்காக ஒதை வாங்கினவரு இங்க தோள்ல தூக்கிட்டுப் போறாரு.

திருக்கடையூர்னதும் சித்தப்பா சும்மா இருப்பாரா. கார்லயே ஆரம்பிச்சுட்டாரு, அண்ணி நீங்களும் அண்ணனும் அங்கதானே அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க, ஆயுசு கெட்டின்னுதானே சொல்லி அனுப்பினாங்கன்னு. அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், பண்ணாம இருந்திருந்தா முன்னாடியே போயிருப்பாரு தம்பி, உங்களுக்குத் தெரியுமான்னாங்க. சித்தப்பா ஹாரன் அடிச்சுட்டு விட்டுட்டாரு. இந்த மாதிரி பதிலுக்கு எதிர் பதில் கிடையாது, அதான் அதோட பலமும் பலவீனமும்.

குப்த கங்கை கதைதான் எனக்கு யமன் கதைய விட புடிச்சிருந்துச்சு. எல்லாரும் வந்து காசில முழுகி முழுகி பாவத்தக் கொட்டிட்டுப் போறாங்க, அது பூரா கங்கை மேல ஏறிடுச்சு, தாங்க முடியாம அவ சிவன்கிட்ட போயி அழுதாளாம். அவளுக்கும் அட்ரஸ் இந்த ஊர்தான். தன்னோட 1000 கலைல, அதாவது சக்தியோட பங்குல, 1 மட்டும் காசில விட்டுட்டு மிச்சம் 999 கலையோட இங்க ஒளிஞ்சு இருக்கான்னு சொல்றாங்க. கார்த்திகை ஞாயித்துக்கிழமைகள்ல இங்க முழுக்கு விசேஷம். நாங்க போன அன்னிக்கு தண்ணி பச்சையா இருந்துச்சு, ஓரத்துல ஷாம்பு பாக்கெட் ஒண்ணு மெதந்துச்சு, அம்மா ஒரு கைல படிக்கட்டு செவுத்தப் புடிச்சுட்டு எறங்கி மூணு தரம் தலைல தெளிச்சுட்டு அப்பா பேரச் சொல்லி இன்னொரு தரம் தெளிச்சாங்க. மேல நின்ன சித்தப்பா அதப் பாத்துட்டே, ஏன் பாப்பா, ஜனங்க அழுக்க கங்கை வாங்கினா, கங்கை அழுக்க இந்தக் குளம் வாங்கிச்சு, இந்தக் குளத்து அழுக்கு யாரு கணக்குல போவும்னாரு. கிண்டலாத்தான் கேட்டாரு. ஆனா தல புராணமே கேக்கற கேள்வி அதுதானே. பாவம் கரைஞ்சு காணாமப் போறதா இந்த ரெண்டு கதையும் சொல்லல, ஒருத்தர்ட்டேர்ந்து இன்னொருத்தர்ட்ட போயி உக்காருதுன்னுதான் சொல்லுது, தீர்ப்பு சொல்றவனுக்கும் ஒட்டுது, கழுவி விடறவளுக்கும் ஒட்டுது. நரகத்த நம்பறவங்க இவ்ளோ யோசிச்சு வச்சிருக்காங்கன்னு எனக்கு இங்க வந்தப்பறம்தான் தோணுச்சு. கும்பிபாகம்னு எண்ணெக் கொப்பரைப் படத்த மட்டும் பாத்துட்டு இது பூரா பயமுறுத்தல்னு முடிச்சுடறோம்.

யமன் சன்னதில கூட்டம் இல்ல. ஒரு வயசான தம்பதி, அப்புறம் நாங்க. அர்ச்சகர் யாரு பேருக்குன்னு கேட்டாரு. அம்மா அப்பா பேரச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன், சொன்னாங்க, ஆனா அதுக்கு அப்புறம் சித்ரகுப்தர் பக்கம் திரும்பி இன்னொரு பேரையும் மெதுவா சொன்னாங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தரோட பேரு. அப்பா அவருக்கு ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாரு, அவரு கட்டாம நழுவிட்டாரு, அப்பா பென்ஷன்லேர்ந்து வருஷக்கணக்கா கட்டினாரு, கருமாதிக்கு வந்து பந்தில உக்காந்து சாப்ட்டுட்டு ஒரு வார்த்தை கூட பேசாமப் போனாரு அந்த மனுஷன். நல்லா இருக்காரு, புது வீடு கட்டிட்டாரு. அம்மா வேண்டிக்கிட்டது அவருக்கு கெடுதல் வரணும்னு இல்லையாம், எழுதி வச்சுக்கோ, விட்டுடாதன்னு மட்டும்தான் சொன்னேன்னாங்க.

இத வெளிய வந்து சித்தப்பாகிட்டயே சொன்னாங்க. அங்க டீக்கடை பெஞ்சுல உக்காந்து அவரு சொன்னத அப்படியே எழுதறேன். அண்ணி, நான் 30 வருஷத்துக்கு மேல கோர்ட்டப் பாத்தவன், வாய்தா மேல வாய்தா போயி கட்சிக்காரனே செத்துப் போவான், அதனால எங்கயோ ஒரு நேர்மையான ஜட்ஜ் இருக்கணும்னு ஜனங்க ஆசப்படறது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பயலும் நாளைக்கு இதே ஊருக்கு வந்து அதே குளத்துல முழுகி அதே அர்ச்சன பண்ணிட்டுப் போனா உங்க கணக்கு என்ன ஆவும்? பரிகாரம்னு ஒண்ண வச்சப்பறம் அது கோர்ட்டா?

எனக்கு பதில் தெரியல. நரகம் இருக்கா இல்லையாங்கறத விட இது பெரிய கேள்வின்னு நெனைக்கறேன், இருக்கான்னு எவனும் பாத்துட்டு வந்து சொல்லப் போறதில்ல. கடோபநிஷத்துல நசிகேதஸ் யமன்கிட்டயே கேக்கறான், செத்தப்பறம் மனுஷன் இருக்கான்னு சிலர் சொல்றாங்க, இல்லன்னு சிலர் சொல்றாங்க, நீ சொல்லுன்னு. யமன், இது தேவர்களுக்கே சந்தேகமா இருந்த விஷயம், வேற ஏதாவது கேளு, பொன்னு கேளு, யானை குதிரை கேளுன்னு மழுப்பறான். சம்பந்தப்பட்ட ஆளே அவ்ளோ தயங்கறான்னா நம்ம பக்தர்கள் கொஞ்சம் நிதானமாப் பேசலாம். சித்தப்பா பக்கமும் வெறும் கறுப்புச் சட்டைல ஆரம்பிச்சது இல்ல, சிவவாக்கியர் கறந்த பால் முலை புகான்னு ஆரம்பிச்சு இறந்தவர் பிறப்பதில்லை இல்லை இல்லைன்னு அடிச்சு சொன்னவரு, அவரு சித்தர், சிவன் பேர சொல்லிட்டே திரிஞ்சவரு.

அம்மா டீய முடிச்சுட்டுதான் பதில் சொன்னாங்க. வரட்டுமே தம்பி. யமன் இங்க வந்தது செஞ்ச காரியம் உறுத்தினதாலதானே, அதே மாதிரி அந்த ஆளுக்கும் உறுத்தி இவ்ளோ தூரம் வந்து நின்னான்னா நான் எதுக்கு இன்னும் அத புடிச்சுட்டு இருக்கப் போறேன், அவன் வரமாட்டாங்கறதுதான் என் கவலை.

சித்தப்பா தலைய ஆட்டினாரு, ஒத்துக்கிட்டாரான்னு தெரியல. உறுத்தறவன்தான் அண்ணி கோயிலுக்கு வர்றான், செஞ்சவன் ஏசி போட்டுத் தூங்கறான், அதனாலதான் நான் இங்கயே எவனாவது கேள்வி கேக்கணும்னு சொல்றேன், பத்திரத்த எடுங்க, இன்னும் காலாவதி ஆகலன்னா நோட்டீஸ் விடலாம்னாரு. அப்பா இருந்த வரைக்கும் சொந்தத்துல வேணாம்னு சொல்லிட்டே இருந்தாரு. அம்மா இப்ப வேணாம்னு சொல்லல.

திரும்பி வர்றப்ப அம்மா அப்பருடைய பாட்ட முணுமுணுத்தாங்க, நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்னு. பல்லவ ராஜா ஆள் அனுப்பிக் கூப்ட்டப்ப வரமாட்டேன்னு பாடினதா பெரிய புராணம் சொல்லும், 6ஆம் திருமுறை. அது மேடைல எங்க ஆளுங்க எவ்ளோ தரம் சொல்லிருக்காங்க தெரியுமான்னாரு சித்தப்பா, ஆனா அவங்க நாமார்க்கும் குடியல்லோம்னதோட நிறுத்திக்குவாங்க, அம்மாவுக்கு ரெண்டாவது பாதிதான் முக்கியம். நடுவுல பொறந்த எனக்கு ரெண்டுமே வேணும் போலருக்கு.

சித்தப்பா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு உடல் தானம் எழுதிக் குடுத்துருக்காரு. காரியம் பண்ண உடம்பே இல்லன்னா வைதரணிய எப்படித் தாண்டுவீங்க தம்பின்னு அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. ஃபர்ஸ்ட் இயர் பசங்க தாண்ட வச்சுடுவாங்க அண்ணின்னாரு.

கார்த்திகை முழுக்குக்கு மறுபடி வரணுமாம் அம்மாவுக்கு. ஓட்டிட்டு வர்றேன், முழுகச் சொல்லாதீங்க, அதுக்கு முன்னாடி அந்த ஜாமீன் பேப்பர தேடி வைங்கன்னு சித்தப்பா சொல்லிருக்காரு. போனவாரம் பீரோவ கொடஞ்சதுல கடன் கட்டின ரசீதெல்லாம் கெடைச்சுடுச்சு, ரப்பர் பேண்ட் போட்டு அப்பாவே வருஷ வாரியா அடுக்கி வச்சிருந்தாரு.