கச்சான் காற்றும் கலியாண ட்ரோனும்

நேற்று திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மருமகளின் கலியாணப் படப்பிடிப்பு. படமெடுக்க வந்த தம்பி ட்ரோனை ஏற்றினார். கச்சான் காற்று பிடித்து அது கடல் பக்கம் இழுபட்டது. திரும்புவதற்குள் பற்றரி சிவப்பு. ‘இனிப் போரே இதுதான் அங்கிள்’ என்று கொஞ்சம் முன்னம் எனக்கு வகுப்பெடுத்தவரும் இவர்தான்.

சரி, உக்ரைனில் இந்தச் சின்னன்கள் டாங்கிகளையே எரித்தது உண்மை. ஆனால் ஒன்றிரண்டு கிலோ குண்டைக் கட்டினால் பறக்கும் நேரம் நிமிடக் கணக்குக்குச் சுருங்கிவிடும். குளிரில் லிதியம் பற்றரி இன்னும் சோரும். மூடுபனியில் கமராவுக்குக் கண் தெரியாது. பெரிய தலையிடி, ட்ரோனை இயக்கும் ரேடியோ அலை: எதிரி அதே அலையில் இரைச்சலை விட்டு ஜாம் செய்தால் திரை முழுக்கப் புள்ளிதான். அதற்கு மருந்தாக, 2024 முதல் ஃபைபர் இழையைப் பின்னால் அவிழ்த்தபடி பறக்கும் ட்ரோன்கள் களத்தில் பெருகின. கட்டளையும் படமும் அந்த இழை வழியே போவதால் அவற்றை ஜாம் செய்ய முடியாது. ஆனால் இழைச் சுருளின் பாரம் குண்டின் பங்கில் கைவைக்கும், மரத்தில் சிக்கினால் அறுந்தும் போகும். (தூண்டில் தங்கூசிச் சிக்கெடுத்த நம்மாட்களுக்கு விளக்கத் தேவையில்லை.)

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் நடுக்கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தன. அந்தத் தூரம் இந்தச் சின்ன ட்ரோன்களுக்கு எட்டாது. யாராவது கிட்டக் கொண்டுவந்து ஏவவேண்டும். பிடித்த இடத்தைக் காக்கக் காலாட்படைதான் வேண்டும்.

தம்பியின் ட்ரோன்? மணலில் மூக்குக் குத்தியது. ஒரு விசிறி போச்சு. எடுத்த படமே போதும் என்றுவிட்டாள் மருமகள்.