கியூபெக்கில் ஒன்றரை மணி நேரம்

கப்பலில் வேலை என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்பது, "எத்தனை நாடு பாத்திருக்கே?" என்றுதான். என்ன சொல்வது? நான் அதிகம் பார்த்தது, நான் சுத்தம் செய்கிற 16 அறைகளை. 64 தலையணைகளை. ஜன்னலுக்கு வெளியே நாடுகள் வந்து போகும். எனக்கு அந்தக் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இரண்டு சீசன் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எங்கள் கப்பல் கனடாவின் கியூபெக் நகரத்துக்கும் அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் இடையில் ஓடியது. மேப்பிள் இலைகள் சிவக்கிற காலம். அதைப் பார்க்கத்தான் பயணிகள் வருவார்கள், முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இன்னும் உள்ளே போனால் மாண்ட்ரியல் வரும். ஆனால் நடுவில் கியூபெக் பாலம் குறுக்கே நிற்கிறது. கட்டும்போதே 1907இல் இடிந்து, 1916இல் நடுப்பகுதி மறுபடி ஆற்றில் விழுந்து, 1917இல் ஒருவழியாக முடிந்த பாலம். எங்கள் கப்பலின் புகைபோக்கி அதன் அடியில் நுழையாது. அதனால் கியூபெக்தான் முனை. பழைய பயணிகள் இறங்குவதும் புதியவர்கள் ஏறுவதும் அங்கேதான், ஒரே நாளில்.

பயணிக்கு அது சுற்றுலா தொடங்குகிற நாள். எங்களுக்கு முதுகு ஒடிகிற நாள். காலை ஒன்பதரைக்குள் பழையவர்கள் இறங்க வேண்டும். ஒன்றரைக்குள் 16 அறையும் யாருமே தங்காதது போல இருக்க வேண்டும். படுக்கையை உரித்து, அழுக்குத் துணியை மூட்டை கட்டி, குளியலறையைத் தேய்த்து, இரட்டைக் கட்டிலைப் பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டும். இந்தக் கட்டில் விஷயம்தான் ஆளைக் கொல்லும். எந்த அறையில் தம்பதி, எந்த அறையில் அக்கா தங்கை என்று ஒரு பட்டியல் வரும். அதைத் தப்பாகப் படித்தால் சாயங்காலம் இரண்டு கிழவிகள் ஒரே கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பயணிகள் பெட்டியில் கலர் சீட்டைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். நாங்கள் தூங்குகிற நேரத்தில் அவை கீழே போய்விடும். ஒரு கியூபெக் காலையில், ஏழு மணிக்கு, ஒரு பெரியவர் கதவை அரை அடி திறந்து என்னைக் கூப்பிட்டார். உடம்பில் பைஜாமா மட்டும். எல்லாத் துணியையும் ஒழுங்காக மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியையும் ஒழுங்காக வாசலில் வைத்துவிட்டார். அது அதற்குள் துறைமுகக் கூடத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே போயிருந்தது. "நான் இப்படியே போகிறேன், பரவாயில்லை" என்றார், வெளியே நான்கு டிகிரி குளிர். நான் லாண்டரிக்கு ஓடினேன். அங்கே தூத்துக்குடி அண்ணன் ஒருவர் இருந்தார். "என்னண்ணே செய்யிறது?" என்றதும், ஒரு வார்த்தை பேசாமல் சர்வர்கள் போடும் கறுப்பு பேன்ட் ஒன்றையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்துப் போட்டார். பெரியவர் இறங்கும்போது வாசலில் இன்னொரு பயணி அவரிடம் காபி கேட்டாராம். பத்து மணிக்குள் துணி திரும்பி வந்தது, பாக்கெட்டில் இருபது டாலரோடு. அண்ணனுக்குப் பத்து, எனக்குப் பத்து. அன்றிலிருந்து கடைசி இரவில் ஒவ்வொரு அறையிலும், "நாளைக்குப் போடுகிற துணியை வெளியே எடுத்து வையுங்கள்" என்று சொல்லாமல் நான் கதவைச் சாத்துவதில்லை.

வேலை முடிந்தால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதுவும் எல்லாத் தடவையும் இல்லை. துறைமுகத்தில் நின்றாலும் ஆபத்து வந்தால் சமாளிக்க ஒரு பங்கு ஆட்கள் கப்பலிலேயே இருக்க வேண்டும், முறை வைத்து. மற்ற நாட்களில் ஓட்டமும் நடையுமாக வெளியே போவேன். கடல் இவ்வளவு தூரத்தில் இருந்தும் ஆறு நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். காலையில் மேடு போல் இருந்த ஏணிப்பாதை மத்தியானம் பள்ளமாகக் கிடக்கும். தண்ணீரோ உப்புக் கரிக்காது.

கப்பல் நிற்கிற இடத்திலிருந்து பழைய ஊர் பத்து நிமிட நடை. 1608இல் சாம்ப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் குடியேற்றம் அமைத்த இடம், கோட்டை மதில் இன்னும் நிற்கிறது. கீழ் ஊர், மேல் ஊர் என்று இரண்டு. நடுவில் செங்குத்துப் பாறை. மேலே போக 1879இலிருந்து ஓடும் ஒரு இழுவைப் பெட்டி உண்டு, டிக்கெட் வாங்க வேண்டும். பக்கத்திலேயே படிக்கட்டு, இலவசம். பெயர் 'கஸ் கூ', கழுத்தொடிப் படி என்று அர்த்தம். கப்பல்காரன் எதில் ஏறுவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய தாத்தா ஒருவர் இருந்தார். 'சொல்தா' வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பிரெஞ்சு வார்த்தை அவரிடம் கற்றது. அந்தத் தைரியத்தில் முதல் தடவை ஒரு கடையில் நூடுல்ஸ் பாக்கெட் வாங்கிவிட்டு, கிளம்பும்போது "மெர்ஸி" என்றேன். கடைக்கார அம்மா "பியான்வெனு" என்றார். சொல்தா தாத்தா சொல்லிக் கொடுத்தபடி அதற்கு 'வாருங்கள்' என்று அர்த்தம். சரி, ஏதோ கொடுக்கக் கூப்பிடுகிறார் என்று திரும்பி உள்ளே போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க. நன்றி சொன்னால் அங்கே பதிலுக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. பிரான்சில்கூடச் சாலையில் 'ஸ்டாப்' என்றுதான் பலகை இருக்கும், இவர்கள் அதையும் விடாமல் 'அரே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. 1759 செப்டம்பர் 13 அன்று ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தில் சண்டை. ஆங்கிலேயத் தளபதி உல்ஃப் களத்திலேயே செத்தார், பிரெஞ்சுத் தளபதி மோன்காம் மறுநாள் விடியலில். ஊர் ஆங்கிலேயரிடம் போனது. இரண்டு நாடுகளுக்கும் நடந்த அதே ஏழாண்டுப் போரில்தான் 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1763இல் பாரிஸில் சமாதானம் பேசிக் கணக்குப் பார்த்தபோது பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது, புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வைத்துக்கொண்ட ஊரில் பிரெஞ்சு இன்று தெருப் பலகையிலும் சில வீடுகளிலும்தான். விட்டுக்கொடுத்த ஊரில் குழந்தைகள் அதில்தான் சண்டை போட்டுக்கொள்கின்றன.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன் பாதுகாப்பு டிரில். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு. பயணிகளுக்கு பார் எப்போது திறக்கும் என்ற கவலை. எங்கள் ஆட்களிலும் முணுமுணுப்பவர்கள் உண்டு. நானும் முணுமுணுத்தவன்தான், எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து கப்பலைப் பற்றிக் கேள்விப்படும் வரை. 1914 மே 28 மாலை இதே கியூபெக்கிலிருந்து கிளம்பி, அன்றிரவே ரிமூஸ்கி பக்கம் மூடுபனியில் ஒரு நிலக்கரிக் கப்பல் மோதி, 14 நிமிடத்தில் மூழ்கியது. 1,012 பேர் செத்தார்கள். டைட்டானிக் முடிந்து அப்போதுதான் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. 14 நிமிடத்தில் நான் ஒரு குளியலறைதான் முடிப்பேன். அப்புறம் டிரில் நேரத்தில் என் படிக்கட்டில் நின்று கையை நீட்டி வழிகாட்டும்போது முணுமுணுப்பு வருவதில்லை.

சாக்னே துறைமுகத்தில் பழங்கால உடை போட்டு ஊர்க்காரர்கள் புளூபெர்ரி பை கொடுப்பார்கள். ஆற்று முகத்தில் வெள்ளைத் திமிங்கிலம் பார்த்ததாகப் பயணிகள் சொல்வார்கள். எனக்கு பை மட்டும் கிடைத்தது.

கடைசித் தடவை கழுத்தொடிப் படி ஏறி, ஷாத்தோ ஃப்ரோந்தனாக் ஹோட்டல் முன்னால் இருக்கிற மரப்பலகை நடைமேடையில் போய் நின்றேன். 1893இல் ரயில் கம்பெனி கட்டிய ஹோட்டல், கோட்டை மாதிரி. கீழே ஆறு, அக்கரையில் லெவி, இக்கரையில் எங்கள் கப்பல். எட்டாவது தளம், மூன்றாவது உயிர்காப்புப் படகுக்கு நேர் மேலே இருந்து எண்ணினால் என் பால்கனிகள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தது. போன் கேமராவை இழுத்துப் பார்த்தேன். என் வாளி. கண்ணாடி துடைத்துவிட்டு அங்கேயே வைத்திருக்கிறேன். பயணிகள் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் போச்சு.

இரண்டு இரண்டு படியாக இறங்கியதில் பெயருக்கு ஏற்ற மாதிரி கழுத்து போயிருக்கும். மூச்சு வாங்க அறைக் கதவைத் தட்டினேன். ஒரு பாட்டி திறந்தார். "வணக்கம், நான் உங்கள் அறைப் பணியாளர்" என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பால்கனிப் பக்கம் பார்த்துவிட்டு, "அதை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வையேன், கால் வைக்கச் சரியான உயரமாக இருக்கிறது" என்றார்.