மாடி வெயிலில் சாத்துக்குடி

4 நாள் வெயில். சாத்துக்குடி வில்லைகள் நன்றாகக் காய்ந்துவிட்டன. வெளிச்சத்தில் பிடித்தால் சுளைகள் கோலம் போட்டதுபோல் தெரிகின்றன. அவ்வளவு அழகு!

முதலில் கமலா ஆரஞ்சில்தான் செய்து பார்த்தேன். தோல் தளர்வாக இருப்பதால் நறுக்கும்போதே சுளை பிரிந்துவிட்டது. சாத்துக்குடிக்கும் எலுமிச்சைக்கும் தோல் சதையோடு ஒட்டியிருக்கும், வட்டம் கலையாது. அரை சென்டிமீட்டர் கனம் போதும். ரொம்ப மெல்லியதாக நறுக்கினால் தட்டில் ஒட்டிக் கிழிகிறது. விதை எடுத்து, ஈரத்தைத் துணியில் ஒற்றி, வடகம் காயப்போடும் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி. சாயங்காலம் மறக்காமல் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி பட்டால் பூஞ்சைதான். ஓவன் இருப்பவர்கள் 100 டிகிரியில் 3, 4 மணி நேரம் வைக்கலாம், நடுநடுவே திருப்பிப் போட்டு. சூடு கூடினால் கருகிக் கசக்கும்.

நேற்று பால் சேர்க்காத டீயில் ஓர் எலுமிச்சை வில்லையை மிதக்க விட்டேன். என்ன மணம்! சாத்துக்குடியை நூலில் கோத்து, இடையிடையே பட்டைத் துண்டு கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த வருடம் கொலுப்படிக்கும் இதே தோரணம்தான். அப்புறம், மாடியில் இன்னொரு தட்டு காய்கிறது.